வீட்டில் முதல் கிறிஸ்தவரா நீங்கள்? சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி ஜெபிக்கிறோம். அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்ன ஹால். அவ்வப்போது யாராவது புதிதாக வருவார்கள். பெரும்பாலும் அவர்கள் குடும்பத்தில் அவர்தான் முதல் கிறிஸ்தவர். வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய இரண்டே கேள்விகள். "தினமும் என்ன செய்யணும்க்கா?" "வீட்ல இருக்கிறவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது?"

நான் இயேசுவிடம் வந்தது இருபத்தொன்பது வயதில், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு. பதினாறு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு கேள்விகளுக்கும் நான் சொல்லும் பதிலை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதற்கு ஓடி, நான் நேசிக்கிறவர்களையே புண்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: ஒரு நேரம், ஒரு மூலை

இயேசு இருட்டோடே எழுந்து, ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரம் சொல்கிறது. அதற்கு முந்தின சாயங்காலம் ஊரே அவர் வாசலில் கூடியிருந்தது. வேலை அதிகமாக இருந்த நாளுக்கு மறுநாள்தான் அவர் தனியாகப் போனார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எல்லோருக்கும் காலை ஐந்து மணி சரிப்படாது. தறி வீட்டுக்காரர்களுக்கு, சத்தம் தொடங்கும் முன் கிடைக்கும் அரைமணிதான் அமைதி. உருக்காலையில் ஷிப்ட் பார்க்கிறவருக்கு நேரம் வாராவாரம் மாறும். அவர் கடிகாரத்தை விட்டுவிட்டு, 'வேலை முடிந்து குளித்ததும்' என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, காட்டுக்குள் நடந்து போகும் இருபது நிமிஷத்தைத்தான் ஜெப நேரமாக வைத்திருக்கிறார். என் மூலை சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். அங்கே ஒரு பாயும் ஒரு நோட்டும் இருக்கும். போன் ஹாலில் இருக்கும்.

முதல் மாதம் பதினைந்து நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுத்தவர்கள் நான்காம் நாள் விட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியில் சபைக்கே வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் தவறினால், மறுநாள் சேர்த்துக் கட்ட இது கந்துக் கடன் கிடையாது. மறுநாள் வழக்கம்போல உட்காருங்கள்.

இரண்டாம் படி: மாற்கிலிருந்து தொடங்குங்கள்

வேதத்தை முதல் பக்கத்தில் தொடங்கினால் ஆதியாகமம் கதையாக ஓடும், யாத்திராகமம் பாதி வரை ஓடும், லேவியராகமத்தில் நின்றுவிடும். நானும் அங்கேதான் நின்றேன். அதனால் மாற்கு. 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. அப்புறம் லூக்கா, 24 அதிகாரம். அதன் பிறகு யோவான், 21. இரண்டு மாதத்தில் மூன்று சுவிசேஷங்கள் முடிந்துவிடும். இடையிடையே மனம் கனத்திருக்கும் நாளில், வேதத்தின் பாடல் புத்தகமான சங்கீதத்திலிருந்து ஒன்று.

எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்பார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் கேட்பது பழைய மொழிபெயர்ப்பு. தமிழ் கொஞ்சம் கடினம்தான், ஆனால் சபையில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வது அதிலிருந்துதான். கத்தோலிக்க ஆலயங்களில் 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பைப் படிப்பார்கள். அது இன்றைய தமிழ். புரியாத வசனத்தை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஒலி வடிவில் கேட்கலாம், போனில் இலவசமாகவே கிடைக்கிறது.

வாசித்ததும் நோட்டில் இரண்டு வரி. இயேசு இங்கே என்ன செய்தார்? இன்றைக்கு நான் என்ன செய்யவேண்டும்? இரண்டாவது வரியைச் சின்னதாக எழுதுங்கள். 'எல்லோரையும் நேசிக்கவேண்டும்' என்று எழுதினால் அது நோட்டோடு நின்றுவிடும். 'பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் விஷயமாகக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்' என்று எழுதினால், சாயங்காலத்துக்குள் செய்தீர்களா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் படி: பேசுங்கள், அப்புறம் கேளுங்கள்

ஜெபத்துக்கு என்று தனித் தமிழ் தேவையில்லை. சபையில் பெரியவர்கள் 'தேவரீர்' என்று ஜெபிப்பதைக் கேட்டு, தனக்கு அப்படி வராது என்று வாயே திறக்காமல் இருந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. 'அப்பா, இன்னைக்குச் சீட்டுப் பணம் கட்டணும், கையில இல்ல, பயமா இருக்கு' என்பது முழுமையான ஜெபம். வார்த்தை வராத நாளில், மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை வரி வரியாக நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். காதில் குரல் கேட்கும் என்று சொல்லவில்லை, எனக்குக் கேட்டதில்லை. காலையில் வாசித்த ஒரு வரி பதினொரு மணிக்கு, யாரோ நம்மைச் சீண்டும் நேரத்தில், மனதில் வந்து நிற்கும். அதுதான் பெரும்பாலும் அவர் பேசும் விதம். அந்த நேரத்தில் அதற்குக் கீழ்ப்படிவதுதான் அவரோடு நெருங்குவது. பாட்டும் கண்ணீரும் நல்லவைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் நெருக்கம் வளர்வதைக் கீழ்ப்படிதலில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை. பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், கொலுசாகத் திரும்பும்போது எடை போட்டு வாங்குவார்கள், நடுவே இவ்வளவு சேதாரம் என்று ஒரு கணக்கு இருக்கும். அந்தச் சேதாரக் கணக்குக்குள் அவன் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளித் தூளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். எல்லோரும் செய்வதுதான் என்று அவனுக்கு அது உறுத்தவே இல்லை. அநியாயமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முன்வந்த சகேயுவை லூக்கா 19-ல் வாசித்த அன்று உறுத்தியது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சேர்த்து வைத்ததை ஒரு டப்பாவில் போட்டு முதலாளியிடம் கொண்டுபோய் வைத்தான்.

வேலை போய்விடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். முதலாளி வெகுநேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னப்பா ஆச்சு உனக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக இயேசுவைப் பற்றிப் பேசியது அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான். முதலாளி கிறிஸ்தவராகவில்லை. ஆனால் இன்றும் அவனிடம் மட்டும் வெள்ளியைக் கொடுக்கும்போது இரண்டாம் முறை எடை பார்ப்பதில்லை.

நான்காம் படி: ஒரு சபை

தனியாக நிற்காதீர்கள். சேலத்தில் சபைக்குப் பஞ்சமில்லை. லண்டன் மிஷன் என்ற ஊழிய அமைப்பைச் சேர்ந்த ஹென்றி கிரிஸ்ப் 1827-ல் இங்கே ஊழியம் தொடங்கினார். அந்த வழியில் வந்த சபைகள் இன்று சி.எஸ்.ஐ.யில் இருக்கின்றன. கத்தோலிக்க மறைமாவட்டம் 1930-லிருந்து இருக்கிறது. தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு.

நான் பார்க்கச் சொல்வது மூன்று விஷயம். வேதத்தைத் திறந்து வைத்து விளக்குகிறார்களா? காணிக்கைக் கணக்கைச் சபைக்கு முன் சொல்கிறார்களா? ஏழை வீட்டுச் சாவுக்குப் போதகர் வருகிறாரா? இந்த மூன்றும் இருந்தால் பாட்டு சுமாராக இருந்தாலும் உட்காருங்கள். 'இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு ஆசீர்வாதம்' என்று வாரம் தவறாமல் கேட்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பொட்டு, பூ, நகை பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் வருஷம் சுவிசேஷத்தை வாசியுங்கள், அப்புறம் உங்கள் போதகரோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: வீடு

நான் மிகவும் தவறியது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சேலத்தில் ஆடி மாதம் என்றால் ஊரே மாரியம்மன் பண்டிகை. கோட்டை மாரியம்மன் கோவிலில் தொடங்கி, குகை, அம்மாபேட்டை என்று எல்லாப் பக்கமும் பொங்கல், மாவிளக்கு, வண்டி வேடிக்கை. வெளியூர் சொந்தமெல்லாம் வரும். நான் ஞானஸ்நானம் எடுத்த முதல் ஆடியில் வீட்டில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேதம் வாசித்தேன். அதுதான் விசுவாசம் என்று நினைத்தேன். வெளியே முழங்கால் வலியோடு என் மாமியார் தனியாகப் பன்னிரண்டு பேருக்குச் சமைத்துப் பரிமாறினார். அன்றைக்கு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த எட்டு மாதமும் சரியாகப் பேசவில்லை. நான் இயேசுவைப் பற்றிச் சொன்ன எதையும் அவர் காதில் வாங்காததற்கு அந்தச் சாத்திய கதவுதான் காரணம்.

அடுத்த வருஷம் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே அவரிடம் போனேன். "அத்தை, போன வருஷம் நான் செஞ்சது தப்பு. வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் சமைப்பேன். ஆனா சாமி கும்பிடுறப்போ நான் நிக்க மாட்டேன், அதை மட்டும் மன்னிச்சிருங்க" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, சாம்பாருக்குப் பருப்பு நீ பார்த்துக்க" என்றார்.

உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். எதில் சேர முடியாது என்பதை முன்கூட்டியே, தனியாக, மரியாதையோடு சொல்லுங்கள். மற்ற எல்லா வேலையிலும் முன்னைவிட அதிகமாகத் தோள் கொடுங்கள். பிரசாதம் வாங்குவதா வேண்டாமா என்பதற்கு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை வாசித்து, போதகரிடம் கேட்டு முடிவெடுங்கள். எந்த முடிவானாலும் கொடுக்கிறவர் கையைத் தட்டிவிடாதீர்கள். அவர்கள் கும்பிடும் தெய்வத்தைப் பற்றி ஒரு கேலி வார்த்தைகூட உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

ஆறாம் படி: உங்கள் சாட்சியை எழுதுங்கள்

சுவிசேஷம் சொல்ல வேதக் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை. மாற்கு ஐந்தில், பிசாசு பிடித்துக் கல்லறைகளில் கிடந்தவன் குணமானதும் 'உம்மோடே வருகிறேன்' என்று கேட்கிறான். இயேசு அவனைக் கூட்டிப்போகவில்லை. வீட்டுக்குப் போய், உனக்கு நடந்ததை உன் சொந்தங்களுக்குச் சொல் என்று அனுப்பினார். யோவான் ஒன்பதில் பார்வை பெற்றவன், படித்தவர்கள் குறுக்கு விசாரணை செய்தபோது, நான் குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றான்.

ஒரு தாளில் எழுதுங்கள். முன்பு எப்படி இருந்தேன், எப்படி அவரிடம் வந்தேன், இப்போது என்ன மாறியிருக்கிறது. மூன்று நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்கிற அளவு. இரண்டு எச்சரிக்கை. பழைய பாவத்தைப் பெரிதாக்கிச் சொல்லாதீர்கள். இன்னும் தீராத பிரச்சினையைத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லாதீர்கள். என் சாட்சியில் அப்பா இறந்த பிறகு தூக்கம் போனதும், ராத்திரியில் சங்கீதம் கேட்டு மெல்ல மெல்லத் தூக்கம் வந்ததும் வரும். எங்கள் கடன் இன்னும் அடையவில்லை என்பதும் வரும். அந்தக் கடன் வரியைக் கேட்ட பிறகுதான் பலர் தங்கள் கஷ்டத்தை என்னிடம் சொன்னார்கள்.

எழுதியதில் உங்கள் கதையோடு நின்றுவிடாமல், இயேசு யார், நமக்காக ஏன் சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது இரண்டு மூன்று வரியில் வரவேண்டும். அதுதான் நற்செய்தி.

ஏழாம் படி: ஐந்து பெயர்கள்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பேர் பெயரை எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள், வாரத்தில் ஒருமுறையாவது பார்க்கிறவர்கள். ஒரு மாதம் அவர்களுக்காக ஜெபம் மட்டும் செய்யுங்கள். அந்த மாதத்தில் அவர்களிடம் அதிகமாகக் கேளுங்கள். பிள்ளை படிப்பு என்ன ஆச்சு, முதுகு வலி எப்படி இருக்கு, ஊரில் அம்மா நலமா. கேட்டதை நினைவில் வைத்திருந்து அடுத்த வாரம் மறுபடி விசாரியுங்கள். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதி நம் மொழியைக் கற்றார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது 1715-ல். சொல்ல வந்தவர் முதலில் உட்கார்ந்து கேட்டார். எனக்கு இது பெரிய பாடமாக இருந்தது.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டம் வந்தால், "உங்க சாமிகிட்ட எனக்காகக் கொஞ்சம் கேளுங்க" என்று தயங்காமல் சொல்வார்கள். அப்படி யாராவது சொன்னால் 'ஜெபிக்கிறேன்' என்று நகர்ந்துவிடாதீர்கள். "இப்பவே ஒரு நிமிஷம் ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால், அவர் பெயரையும் அவர் சொன்ன விஷயத்தையும் சொல்லிச் சுருக்கமாக ஜெபியுங்கள். குணமாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். 'ஏன் இப்படி அக்கறையா இருக்கீங்க' என்று கேட்டால், எழுதி வைத்த அந்த மூன்று நிமிஷம் அங்கேதான். 1 பேதுரு 3:15 சொல்வதும் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத்தான்.

சாவு வீட்டில் சாட்சி வேண்டாம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் கெடுத்தார்கள். பாத்திரம் கழுவுங்கள், டீ போடுங்கள்.

செய்யவே கூடாதவை

அரசியலமைப்பின் 25-வது பிரிவு நம் விசுவாசத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புவது என்றால் எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணம், வேலை, பள்ளி சீட்டு, பயமுறுத்தல் எதையும் சுவிசேஷத்தோடு கட்டாதீர்கள். உதவி செய்தால் உதவியாகவே செய்யுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் பேசாதீர்கள். பெரியாஸ்பத்திரியில் கேட்காத நோயாளியின் தலையில் கை வைக்காதீர்கள். கோவில் வாசலிலும், ஏற்காடு மலைக்கு மேலே சேர்வராயன் கோவில் பக்கமும் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போகாதீர்கள்.

இன்னொன்று, பலர் பேசத் தயங்குவது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால், 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் இது பாதிக்கும். ஏற்காடு மலையிலுள்ள, 'மலையாளி' என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் தகுதி மதத்தைப் பொறுத்ததில்லை. ஞானஸ்நானம் கேட்டு வருகிறவருக்கு இதையெல்லாம் முன்பே சொல்லுங்கள். நிதானமாக யோசிக்க நேரம் கொடுங்கள். சொல்லாமல் மறைப்பது அவரை ஏமாற்றுவது.

வருஷத்துக்கு இரண்டு நாள் மலைக்கு

சொல்லிச் சொல்லிக் களைத்துப் போவீர்கள். மனம் வறண்டு, வேதம் திறந்தால் எழுத்து மட்டும் தெரியும் நாட்கள் வரும். எனக்கு வந்தன. அப்போது ஏற்காட்டுக்கு ஒரு நாள் தனியாகப் போங்கள். வார நாளாகப் பாருங்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் அமைதி கிடைக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே பேச்சு குறையும். சாப்பாட்டைப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் விடாது. ஏரிப் பக்கம் வேண்டாம், காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சின்னச் சாலையாகப் பார்த்து நடங்கள். சங்கீதம் 121-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், எட்டே வசனம். நாள் முழுக்க அது ஒன்றே போதும்.

மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் காபிச் செடி முழுக்க வெள்ளைப் பூவாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். பழம் பறிக்க நவம்பர் ஆகும். நடுவில் பார்க்கிறவருக்கு வெறும் பச்சை இலைதான். என் ஐந்து பெயர்களில் மூன்றை நான் அந்தப் பச்சை இலை மாதங்களில்தான் வைத்திருக்கிறேன்.

யாராவது 'நானும் வாசிக்கிறேன்' என்றால்

இயேசுவின் சீஷன் பிலிப்பு, சந்தேகப்பட்ட நாத்தான்வேலிடம் வாதாடவில்லை, "வந்து பார்" என்றான். நீங்களும் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், அவர் வீட்டிலோ உங்கள் வீட்டிலோ உட்காருங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தெரியட்டும். மாற்கு முதல் அதிகாரம், 45 வசனம், மாறி மாறி வாசியுங்கள். நோட்டில் எழுதும் அதே இரண்டு கேள்வி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்த வாரம் கேட்டு வந்து சொல்லுங்கள். டீயும் ஒரு தட்டுவடை செட்டும் போதும்.

என் மாமியாருக்குக் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷமாகிறது. சீரியல் பார்க்க முடியவில்லை. ஒரு ராத்திரி, "நீ அடுப்படியில உட்கார்ந்து என்னமோ படிக்கிறியே, அதைச் சத்தமா படியேன்" என்றார். லூக்கா படித்தேன். ஆடிக்கு அவர் இன்னமும் பொங்கல் வைக்கிறார், நான் சாம்பார் வைக்கிறேன். நேற்று பதினைந்தாம் அதிகாரத்தில் இளைய மகன் வீட்டுக்குத் திரும்பி வரும் இடத்தில் கரண்ட் போய்விட்டது. இன்றைக்குச் சாயங்காலமே கேட்டுவிட்டார், அந்தப் பையனை அப்பன் வீட்டுக்குள்ள சேர்த்துக்கிட்டானா இல்லையா என்று.